ஐநூறு தாண்டக் கூடாது

புனேவுக்குக் குடிவந்த புதிதில் எங்கள் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பில் கட்ட முடியாத அளவுக்கு நாங்கள் இல்லாதவர்களும் இல்லை, கட்டாமல் ஏய்க்கிறவர்களும் இல்லை. கோயம்புத்தூர்க்காரர்கள், அவ்வளவுதான். கரண்ட் பில் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று பிறந்ததிலிருந்து பழகியிருந்தோம். முதல் மாதமே கதவிடுக்கில் ஒரு தாள் செருகியிருந்தது. எல்லாம் மராத்தி. "இது பாதிக் கணக்காட்ட இருக்குது, அடுத்த மாசம் முழுசா வரும், அப்பக் கட்டிக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு தாள்கள் வந்தன. ஏதோ நினைவூட்டல் என்று நினைத்து அவற்றையும் ஃபிரிட்ஜ் மேலே வைத்தேன். பிறகு தாளுக்குப் பதிலாக ஆள் வந்தார். நான் ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் ஃபேன் நின்றது. கதவைத் திறந்து பார்த்தால் எதிர் ஃபிளாட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து பில் கட்டுவது என் வேலை என்று ஆகிவிட்டது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. வீட்டுக்காரருக்கு ஊருக்கு வெளியே சாகணில் ஒரு கார் கம்பெனியில் வேலை. விடியும்போது கம்பெனி பஸ்ஸில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. நான் வீடு இருக்கிற பாணேரிலேயே, வீட்டிலிருந்தபடி பாதி, ஆபீஸ் போய்ப் பாதி என்று வேலை பார்ப்பவள். வீட்டில் இருக்கிறவள் தலையில்தானே எல்லாம் விழும். கேஸ், சொசைட்டி மெயின்டனன்ஸ், பள்ளிக்கூட ஃபீஸ், கரண்ட்.

அந்தக் கரண்ட் பில்லைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் புலம்பலாம். ஃபிளாட்டை வாங்கி வருஷக்கணக்காகியும் பில் பழைய ஓனர் பெயரிலேயே வருகிறது. பெயர் மாற்றுவதற்குப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் குறைகிறது. அந்த ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போனால் அதைக் கேட்ட ஆள் அன்றைக்கு லீவு. ஆப்பில் கட்டலாம் என்றால் ஓ.டி.பி. வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். பணம் என் கணக்கிலிருந்து போயிருக்கும், அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. அது திரும்பி வருமா வராதா என்று தெரியாமல் கடைசித் தேதி நெருங்கும்போது மறுபடி கட்டுவேன். பிறகு முதலில் போனதும் சேர்ந்து, அடுத்த மாதம் மைனஸில் பில் வரும். எனக்கு இந்தி வரும், மராத்தி புரியும், இங்கிலீஷில் சண்டையே போடுவேன். இருந்தாலும் மாதாமாதம் அந்த மெசேஜ் வரும்போது உடம்பு அப்படியே சோர்ந்துபோகிறது. எத்தனை வருஷம் இருந்தாலும் நாம் இந்த ஊருக்குப் புதுசு என்று அது ஒன்றுதான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் அப்பா வந்தார்.

அம்மா போன பிறகு அப்பா கோயம்புத்தூர் வீட்டில் தனியாக இருந்தார். நான் ஒரே பெண். வா வா என்று கூப்பிட்டுச் சலித்துவிட்டேன். போன தீபாவளி முடிந்ததும் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியாமல் வெகுநேரம் அப்படியே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஏதோ கேட்க வந்து, சத்தம் கேட்டுக் கதவை உடைக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த விமானத்தில் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். இனி அவரைத் தனியாக விடுவதில்லை, கடைசிவரை இங்கேதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அப்பா அப்படி எதுவும் முடிவு செய்திருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மகள் வீட்டில் போய் அப்பா உட்கார்ந்துகொள்வது வழக்கமில்லை. ஒறம்பரையாக வரலாம், விருந்து சாப்பிடலாம், இரண்டு நாள் கழித்து பஸ் நேரம் விசாரிக்க வேண்டும். அப்பாவும் அப்படித்தான் வந்திருந்தார். அவருக்கென்று ஒரு அறையை ஒழித்து, அலமாரியைக் காலி செய்து வைத்திருந்தேன். அவர் துணியை அதில் வைக்கவே இல்லை. கட்டிலுக்கடியில் பை, பைக்குள் துணி. காலையில் ஒரு வேட்டியை உருவுவார், துவைத்துக் காய்ந்ததும் மடித்து மறுபடி பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிடுவார். சோபாவில் உட்கார்ந்தால் நுனியில்தான் உட்காருவார், ஏதோ பேங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கிற ஆள் மாதிரி. சாயந்திரம் என் வீட்டுக்காரர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். "உக்காருங்க மாமா" என்று இவர் சொல்ல, "இருக்கட்டுங் மாப்ள, நீங்க உக்காருங்க" என்று அவர் சொல்ல, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருப்பார்கள். எனக்குப் பார்க்கவே எரிச்சலாக வரும்.

மாற்றம் வந்தது கரண்ட் பில்லால்தான். சாப்பாட்டு மேசையில் கிடந்த பில்லை அப்பா எடுத்துப் பார்த்திருக்கிறார். மராத்தி தெரியாவிட்டால் என்ன, எண்கள் தெரியுமே. பம்ப்செட் செய்கிற கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் சரக்கு எவ்வளவு என்றுதான் முதலில் தேடுவார்.

"ஏங்கண்ணு, இது ஒரு மாசத்துக்கா?" என்றார்.

"ஆமாங்கப்பா."

"முந்நூறு வருதே. அப்ப ரெண்டு மாசத்துக்கு ஐநூறைத் தாண்டிப் போகுதல்லோ!"

அப்பா முகத்தில் அப்படி ஒரு பதற்றத்தை அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் வீடு வைத்திருக்கும் யாருக்கும் அந்த எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதத்தில் ஐநூறு யூனிட்டுக்குள் நின்றால் ஒரு கணக்கு. ஒன்று கூடினாலும் வேறு கணக்கு, முன்னால் எரித்ததற்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும். அதனால் ரீடிங் எடுக்கிற ஆள் வரும் வாரத்தில் எங்கள் வீட்டில் கிரைண்டர் ஓடாது, அயர்ன் பாக்ஸ் வெளியே வராது. அவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால் அம்மா வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பாள். வந்தவர் அட்டையில் எழுதிக் கொடுத்த பிறகுதான் வீட்டில் ஃபேன் சுற்றும்.

புனேயில் அந்தக் கணக்கே கிடையாது. இங்கே மாதாமாதம் ரீடிங். அடுத்த படிக்குப் போனாலும் கூடுதலாக எரித்த யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் ரேட். இதை அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது ஒரு ஆபீஸ் கால் வந்துவிட்டது. கால் முடிந்து வந்தபோது அப்பா என் வீட்டுக்காரரைச் சோபாவில் உட்காரவைத்து, தானும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க மாப்ள. நா இருக்கற வரைக்கும் ஐநூறுக்குள்ள நிறுத்திப் போடறேன்."

"சரிங்க மாமா" என்றார் இவர். மாமனார் எழுந்து நிற்காமல் பேசியதே இவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையிலேயே அப்பா கீழே பார்க்கிங்குக்குப் போய்விட்டார். எங்கள் கட்டடத்தில் எல்லா ஃபிளாட்டுக்குமான மீட்டர்கள் அங்கேதான் கம்பிக்கதவுக்குப் பின்னால் வரிசையாக இருக்கின்றன. இத்தனை வருஷத்தில் நான் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. அப்பா வாட்ச்மேனிடம் சைகையிலேயே பேசி, எங்கள் மீட்டர் எது என்று கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை. லிஃப்டில் போக மாட்டார். லிஃப்ட் கரண்ட் நம் மீட்டரில் ஓடாதப்பா, அது சொசைட்டி கணக்கு என்றேன். "யாரு மீட்டரா இருந்தா என்ன, வீணுதானே" என்று படியிறங்கினார். விழுந்த மனுஷன் படியேறுகிறாரே என்று பயமாக இருந்தது. ஆனால் நாளாக ஆக அவர் நடை நன்றாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குள் நடந்ததுதான் கொடுமை. ஒரு அறையிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் அங்கே இருட்டு. சார்ஜர் போட்டால் சார்ஜ் ஏறிவிட்டதா என்று வந்து வந்து பார்ப்பார். ராத்திரி எல்லாரும் படுத்தாயிற்று என்று நினைத்து, வை-ஃபை பெட்டிக்கு எதற்குக் கரண்ட் என்று அதைப் பிடுங்கிப்போட்டார். அமெரிக்காக்காரர்களோடு நான் பேசிக்கொண்டிருந்த பேச்சு அப்படியே அந்தரத்தில் நின்றது. மிக்ஸியில் சட்னி அரைத்தால் "ராத்திரிக்கும் சேர்த்து ஒரே ஓட்டா ஓட்டிக்க கண்ணு" என்பார். என் மகள் எட்டாவது படிக்கிறாள். அவள் குளிக்கப் போனால் அப்பா வெளியே கீசர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். தண்ணீர் சூடானதாக அவருக்குத் தோன்றியதும் டக்கென்று அணைத்துவிடுவார்.

"அம்மா! தாத்தா ஃபிர் ஸே கீசர் பந்த் பண்ணிட்டாங்க!" என்று உள்ளேயிருந்து அலறுவாள். மறுபடி அணைத்துவிட்டாராம். பாதி இந்தி, அவள் தமிழ் அவ்வளவுதான்.

"சூடு அதிலயே இருக்குது அம்மிணி, வெசையா குளிச்சுப் போட்டு வா" என்பார் அப்பா.

நான் கத்தினேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே கத்தினேன். இரண்டு பேர் சம்பாதிக்கிறோம், இருட்டில் உட்கார்ந்து சோறு தின்ன வேண்டுமா என்று கேட்டேன். அப்பா பதிலுக்குக் கத்தினார். "சம்பாதிச்சா வாரி எறைக்கோணுமா? உங்கம்மா இருந்தா உன்னைய நல்லாக் கேட்டிருப்பா!" என்றார். அவர் என்னைத் திட்டி எவ்வளவோ வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமாகிப் போன பெண்ணைத் திட்டக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, இங்கு வந்ததிலிருந்து என்னிடம் குரலே உயர்த்தாதவர். கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போன எனக்குக் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மகளின் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போகிற வழியில்தான் அப்பாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அலமாரியில் அவர் வேட்டிகள் அடுக்கியிருந்தன. கட்டிலுக்கடியில் பை தட்டையாகக் கிடந்தது. எப்போது எடுத்து வைத்தார் என்று தெரியவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கீசரை அணைத்தால் அணைக்கட்டும், சாகும்வரை அணைத்துக்கொண்டு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த மாதப் பில் வந்தது. யூனிட் நன்றாகவே குறைந்திருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் வரும்வரை மேசை மேலேயே வைத்திருந்தார். அவர் வந்ததும் காட்டினார். "இன்னொரு மாசம் இப்படியே இழுத்துப் புடிச்சா ஐநூறுக்குள்ள வந்துருமுங் மாப்ள" என்றார். இவர் சாகணிலிருந்து களைத்து வந்திருந்தார். ஆனாலும் "பரவாயில்லீங்களே மாமா" என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

பிறகு டிசம்பர் வந்தது. புனே குளிரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், இதெல்லாம் ஒரு குளிரா என்று. விடிகாலையில் குழாய்த் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எங்களையெல்லாம் அளந்து குளிக்கவைத்த அப்பா, தான் கீசரே போடாமல் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் எழுவதற்கு முன்பே குளித்துவிடுவதால் எங்களுக்குத் தெரியவில்லை. இருமல் வந்தபோதுதான் கேட்டேன். "எனக்கு எதுக்குச் சுடுதண்ணி, பழகுன ஒடம்பு" என்றார். இருமல் காய்ச்சலானது. காய்ச்சலோடு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, சளி நன்றாகக் கட்டியிருக்கிறது, இந்த வயதில் விளையாடாதீர்கள் என்று டாக்டர் என்னையும் வீட்டுக்காரரையும் பார்த்து இந்தியில் சொன்னார். அப்பாவுக்கு இந்தி புரியாததால் அந்தத் திட்டு முழுக்க எங்களுக்கே வந்தது.

வீட்டுக்கு வந்தும் அப்பா ரீடிங் பார்க்கக் கீழே போக எழுந்தார். எனக்குக் கத்தவும் தெம்பு இல்லை. என் வீட்டுக்காரர்தான் அவரைப் பிடித்து உட்காரவைத்தார். பில்லையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக, ஒரு தடவை கூடக் குரல் ஏறாமல் சொன்னார்.

"இங்க அப்படி இல்லீங்க மாமா. ஐநூறு தாண்டுனா மொத்தத்துக்கும் ஏறாதுங்க. இது மாசாமாசம் தனித்தனிக் கணக்கு. தாண்டுன யூனிட்டுக்கு மட்டும்தான் அந்த ரேட்டு. நீங்க சுடுதண்ணியில குளிச்சா அதுக்கு உண்டானது மட்டும்தான் கூடுமுங்க. கொஞ்சமாத்தான் வரும்."

அப்பா கேட்டுக்கொண்டார். ஸ்டோர் கீப்பர் இல்லையா, நடுவில் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்டார், கேட்க வேண்டிய கேள்விகளாகவே கேட்டார். பேனாவை வாங்கி ஓரத்தில் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். கணக்கு சரியாக வந்தது.

"அப்படீங்களா" என்றார்.

"ஆமாங்க மாமா."

"எனக்குத் தெரியாமப் போச்சு. உங்களையெல்லாம் வீணாச் சிரமப்படுத்திப் போட்டேன்."

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் இவர்.

அன்றைக்கு எனக்கு இவர் மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது. மாமனாரை ஒரு வார்த்தை நோகடிக்காமல் ஒரு பெரிய தொல்லையை முடித்துவைத்தாரே என்று. மறுநாள் அப்பா சுடுதண்ணீரில் குளித்தார். மகள் ஆசைதீரக் குளித்தாள். வை-ஃபை பெட்டி விடியவிடிய மினுக்கிக்கொண்டிருந்தது. எல்லா அறையிலும் விளக்கு எரிந்தது, யாரும் அணைக்கவில்லை.

காய்ச்சல் தேறியது. ஆனால் அப்பா கீழே போகவில்லை. "ரீடிங் பாக்கலீங்களா?" என்று நானே சும்மா கேட்டுப் பார்த்தேன். "பாத்து என்ன பண்றது கண்ணு" என்றார். மறுபடி சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். இவர் உள்ளே வந்தால் எழுந்து நின்றார். ஒரு நாள் மத்தியானம் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அறை வாசலில் வந்து நின்றார். நான் திரும்பிப் பார்க்கும்வரை நின்றார்.

"ஃபேன் போட்டுக்கட்டுமா சாமி?" என்றார்.

அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. போட்டுக்கங்கப்பா என்றுதான் சொல்லியிருப்பேன். போன மாதம் இதே மனுஷன் என் தலைக்கு மேலே ஓடிய ஃபேனைக் கேட்காமல் அணைத்துவிட்டுப் போனவர். அணைத்தபோது எனக்கு வந்த கோபம் ஒன்றுமே இல்லை. கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் கேட்டார். டி.வி. வைக்க, குளிக்க, ராத்திரி பாத்ரூம் விளக்கை எரியவிட. கேட்காதீர்கள் என்று சொன்னால் சரி என்பார், அடுத்த தடவையும் கேட்பார்.

நான் சமாளித்துப் பார்த்தேன். "ரேட் எப்படியோ இருக்கட்டும்பா, வீணாப் போறது வீணுதானே? நீங்க பழையபடி அணைங்க. பாப்பா ரொம்பப் பண்றா" என்றேன். மகளிடமும் சொல்லிவைத்தேன், தாத்தா அணைத்தால் கத்தாதே என்று. அப்பா சிரித்தார். பெரியவர்கள் குழந்தையின் நாடகத்தைப் பார்த்துச் சிரிப்பது போலத்தான் அது இருந்தது. ஒரு தடவை எனக்காக எழுந்து போய் ஹால் விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முன்னால் டிக்கெட் போடச் சொன்னார். வீட்டில் விளக்கு வைக்க வேண்டும், பூட்டியே கிடந்தால் நன்றாக இருக்காது என்றார். அலமாரியைப் போய்ப் பார்த்தேன். காலியாக இருந்தது.

"இங்க என்னப்பா கொறை?" என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"கொறையா? மாப்ள தங்கமானவரு கண்ணு. அவருதான் அத்தனை தெளிவாச் சொன்னாரல்லோ." பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "முன்னயெல்லாம், நா இருந்தா ஐநூறுக்குள்ள நிக்குது, மாப்ளைக்குப் பெருசா ஒரு தொகை மிச்சமாகுதுன்னு நெனச்சுட்டிருந்தேன். சோறு திங்கறதுக்கும் ஒரு இது இருந்துச்சு."

"இப்பவும் நீங்க அணைச்சா மிச்சந்தானேப்பா."

"அது சில்லறை கண்ணு. அந்தச் சில்லறைக்கு ஒரு ஆளை வெச்சுச் சோறு போடுவாங்களா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் என்ன ஆளா வைத்திருந்தேன்? அப்பாவை அல்லவா வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அவர் என் தலையைத் தொட்டார், சரி சரி என்றார். ஆனால் டிக்கெட் போடு என்பதை மாற்றிச் சொல்லவில்லை. விழுந்தால் யார் பார்ப்பது என்று கேட்டதற்குப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்துவிடுவதாகச் சொன்னார். குளியலறைக்கு ஒரு கைப்பிடி போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. நான் வாதாடிக் களைத்துப்போனேன். வீட்டுக்காரர் தன்னால்தானோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. நெஞ்சுச் சளியோடு பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவரிடம் வேறு என்னதான் சொல்வது?

ஸ்டேஷனில் ரயில் வரும்வரை அப்பா பேத்தியிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பையைத் தூக்க வந்தபோது கொடுக்கவில்லை.

அப்பா போன பிறகு, மார்ச்சில் வந்த பில்லை நான் இரண்டு தடவை பார்த்தேன். நான்கு பேர் இருந்த நவம்பரைவிட மூன்று பேர் இருக்கும் இந்த மாதம் நல்ல வித்தியாசத்தில் கூடியிருந்தது. ஒரு மனுஷன் குறைந்து பில் ஏறியிருக்கிறது. இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று உடனே அவருக்கு ஃபோன் போட்டேன்.

"எவ்வளவு?" என்றார். சொன்னேன். "பாத்தியா!" என்று அங்கிருந்து ஒரு சத்தம். "அம்மிணி குளிக்கப் போனா வெளிய ஒரு ஆளு நிக்கோணும். நாஞ் சொன்னா நீ கேக்கறயா? நெம்ப மோசம் நீங்க." அந்தக் குரலில் தெம்பு இருந்தது. என்னைத் திட்டுகிற தெம்பு.

"அப்ப வந்து நில்லுங்கப்பா" என்றேன். "நீங்க இருந்தாத்தான் கொறையுது. சத்தியமாச் சொல்றேன், பில்லை ஃபோட்டோ எடுத்து அனுப்பட்டுமா?"

"பாக்கலாம் சாமி" என்றார். "வெயில் தாழட்டும்."

எங்கள் வீட்டில் அப்பா பாக்கலாம் என்று சொன்ன எதுவும் நடந்ததில்லை. அதைச் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டுவிட்டேன். இருந்தாலும் ஃபோனை வைக்க மனம் வரவில்லை.

"உங்க கரண்ட் பில்லையாவது இனிமே நான் இங்கிருந்து கட்டிடறேன். வெயில்ல போய் வரிசையில நிக்காதீங்க. சர்வீஸ் நம்பரைச் சொல்லுங்க" என்றேன்.

"அதெதுக்கு கண்ணு? இங்கதான் நூறு யூனிட்டு வரைக்கும் இனாமாச்சே. நா ஒருத்தன்தானே, அதுக்குள்ளயே நிக்குது. ஜீரோ பில்லு!" என்றார். பரிசு வாங்கின பையன் மாதிரி இருந்தது அவர் சொன்னது. "யாருக்கும் பைசா செலவில்ல."

பிடிவாதமாக நம்பரை வாங்கிக்கொண்டேன். ஃபோனை வைத்ததும் அதைத் தமிழ்நாட்டு மின்வாரிய ஆப்பில் போட்டுப் பார்த்தேன். ஆச்சரியமாக, முதல் தடவையிலேயே திறந்தது. எல்லாம் தமிழில் இருந்தது, சொந்தப் பெயரில் இருந்தது, ஒரு குழப்பமும் இல்லை. அவர் எரித்த யூனிட்டைப் பார்த்தேன். அது ஃபிரிட்ஜுக்கும் ஒரு விளக்குக்குமே சரியாகப் போயிருக்கும். சுடுதண்ணீர் வைக்கிற வீட்டில் யூனிட் இவ்வளவு குறைவாக நிற்காது. நெஞ்சுச் சளி சரியாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்றிருந்தது. அதற்குக் கீழே பணம் செலுத்துகிற பொத்தான் மங்கலாக இருந்தது. அமுக்கினேன், அமுங்கவில்லை. மறுபடியும் அமுக்கிப் பார்த்தேன்.